குருதியில் குறையும் ஒரு வெல்லம்

‘ஓ’ வகைக் குருதியுடையவர் எவருக்கும் குருதி கொடுக்கலாம், ஆனால் ‘ஓ’ வகையினரிடமிருந்தே பெறலாம் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த பாடம். திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கோவில் மண்டபங்களிலும் பள்ளிவாசல் வளவுகளிலும் நடைபெறும் இரத்ததான முகாம்களில் இந்தப் பாடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றது. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும், ‘ஓ’ என்று அட்டையில் எழுதப்பட்டிருந்தும் ‘ஓ’ வகைக் குருதியைப் பெற்றால் உயிராபத்துக்குள்ளாகும் மனிதர் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களது செங்குழியங்களின் மேற்பரப்பில் ஒரேயொரு வெல்ல மூலக்கூறு இல்லை. அதன் பெயர் பியூக்கோசு.

இந்த வெல்லம் செங்குழியத்தில் மட்டும் இல்லாதிருப்பின் அது நோயன்று. உடல் முழுவதும் இல்லாதிருப்பின் அது மிக அரிதான, கடுமையான ஒரு பரம்பரை நோய். இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கு மட்டும் உரிய விடயமெனத் தள்ளிவிடக்கூடியதன்று. மச்சான் மச்சாள் உறவில் மணம் முடிப்பது தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வழக்கமாயுள்ள நமது மாவட்டத்தில், இது குடும்பங்களின் விடயமும் ஆகும்.

வெல்லம் என்றதும் நமக்குச் சீனியும் சர்க்கரையும் நினைவுக்கு வருகின்றன. உடலுக்கு எரிபொருளாவது மட்டுமே அதன் வேலையென எண்ணுகின்றோம். உண்மையில் நமது கலங்கள் உருவாக்கும் புரதங்களில் ஏறத்தாழப் பாதி, வெல்லச் சங்கிலிகளைச் சுமந்துகொண்டே தமது பணியிடத்துக்குச் செல்கின்றன. கலத்தின் அகமுதலுருச் சிறுவலையில் பதினான்கு வெல்ல அலகுகள் கொண்ட ஒரு சங்கிலி முன்கூட்டியே கோக்கப்பட்டு, உருவாகிக்கொண்டிருக்கும் புரதத்தின் மீது ஒட்டப்படுகின்றது. பின்னர் கொல்கிச் சிக்கல் என்ற பகுதியில் அது வெட்டித் திருத்தப்பட்டு, கலக்ற்றோசு, சியலிக்கமிலம், பியூக்கோசு முதலியன அதன் நுனிகளிற் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு தனி நொதியம் தேவை. ஒவ்வொரு நொதியத்துக்கும் ஒரு பரம்பரையலகு உண்டு. அந்தப் பரம்பரையலகு பழுதுபட்டால் அந்த வேலை நின்றுவிடும். இவ்வாறு எழும் நோய்களை வெல்லமேற்றக் குறைபாட்டு நோய்கள் எனலாம். இதுவரை 150க்கும் மேற்பட்டவை இனங்காணப்பட்டுள்ளன.

குருதி வகைகளே வெல்லங்களின் வேறுபாடுதான் என்பதைப் பலர் அறியார். செங்குழியத்தின் மேலுள்ள சங்கிலியின் முனையில் கலக்ற்றோசு உள்ளது. அதன்மேல் பியூக்கோசு ஒன்று ஏற்றப்பட்டதும் ‘எச்’ எனப்படும் அடையாளம் உருவாகின்றது. அந்த ‘எச்’ மீது மற்றுமொரு வகை வெல்லம் ஏறினால் ‘ஏ’, வேறொரு வகை ஏறினால் ‘பி’, இரண்டும் இருப்பின் ‘ஏபி’, எதுவும் ஏறாது ‘எச்’ மட்டும் எஞ்சினால் ‘ஓ’. ஆகவே ‘ஓ’ என்பது ஒன்றுமில்லாத வகையன்று. ‘எச்’ மிகுதியாக உள்ள வகை அதுவே.

அடித்தளமான அந்த பியூக்கோசே ஏற்றப்படாதுவிட்டால் என்ன நேரும்? ‘ஏ’யும் இல்லை, ‘பி’யும் இல்லை, ‘எச்’சும் இல்லை. 1952ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் வை. எம். பெண்டே என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இத்தகைய மனிதரை முதன்முதலாக இனங்கண்டு, இலண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செற்’ மருத்துவ இதழில் அறிவித்தனர். அந்தக் கட்டுரையில் மோர்கன், வட்கின்ஸ் ஆகிய ஆங்கிலேய உயிரிரசாயன அறிஞர்களும் பங்குகொண்டிருந்தனர். சாதாரண பரிசோதனையில் ‘ஓ’ எனத் தோன்றிய இவர்களது குருதித் திரவவிழையம், ‘ஏ’, ‘பி’ செங்குழியங்களை மாத்திரமன்றி ‘ஓ’ செங்குழியங்களையும் திரளச் செய்தது. ‘எச்’ அடையாளத்தை ஒருபோதும் கண்டிராத உடல் அதனை அந்நியமெனக் கருதி எதிர்ப்பதே காரணம். கண்டறிந்த நகரின் பெயராலேயே இது ‘பம்பாய் வகை’ எனப்பட்டது.

இந்தியாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் ஒருவர் இவ்வகையினர் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் பத்து இலட்சம் பேரில் ஒருவர்கூட அரிது. இந்தியத் துணைக்கண்டத்து மக்கள் சென்ற இடங்களுக்கெல்லாம் இது உடன் சென்றது. இந்து சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களிடையேயும் இது காணப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோரின் வேர்கள் தமிழகத்தில் உள்ளன என்பது கவனிக்கத்தக்கது. ரீயூனியனிலும் இந்தியாவிலும் உள்ளவர்களிடம் பழுது ஒரே பரம்பரையலகின் ஒரே இடத்தில் இருப்பதை 1990களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வுகள் காட்டின. கடல் கடந்தும் மாறாத குடும்ப முத்திரை என்றே இதனைக் கூறலாம்.

பம்பாய் வகையினர் நோயாளரல்லர். அவர்கள் உண்டு, உழைத்து, பிள்ளை பெற்று, முதுமை வரை வாழ்கின்றனர். குருதி தேவைப்படும் நாளில்தான் சங்கடம். குருதிப் பொருத்தப் பரிசோதனை முறையாக நடந்தால் ‘ஓ’ குருதி பொருந்தாமை உடனே தெரிந்துவிடும். ஆனால், பிரசவத்தின் பின் கட்டுக்கடங்காது குருதி பெருகும் தாய்க்கோ, விபத்துக்குள்ளானவருக்கோ சோதனைக்கு நேரமின்றி ‘ஓ’ குருதி ஏற்றப்படும் அவசரங்கள் எந்த வைத்தியசாலையிலும் உண்டு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டுமே அந்த அபாயம் தவிர்க்கப்படும். செங்குழியங்களைச் சாதாரண குளிர்ப்பதனத்தில் 35 முதல் 42 நாட்களே வைத்திருக்கலாம். உறைநிலையில் பத்து ஆண்டுகள்வரை வைத்திருக்கும் முறை உண்டெனினும், அது எல்லா இரத்த வங்கிகளிலும் செய்யக்கூடிய காரியமன்று.

இன்னொரு சங்கடம் மருத்துவத்துக்குப் புறம்பானது. அதுபற்றி எவரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பம்பாய் வகைத் தாயிடம் ‘ஏ’ அல்லது ‘பி’க்குரிய பரம்பரையலகு இருக்கக்கூடும். ஏற்றுவதற்கு அடித்தளமில்லாமையால் அது அவரிடம் வெளிப்படுவதில்லை. பிள்ளைக்கோ தந்தையிடமிருந்து ‘எச்’ உருவாக்கும் ஆற்றல் கிடைத்துவிடுகின்றது. தாயின் அட்டையில் ‘ஓ’, தந்தையின் அட்டையில் ‘ஓ’, பிள்ளையோ ‘பி’! பாடப்புத்தகக் கணக்கை மட்டும் அறிந்த உறவினர் ஒருவர் இதனைக் கண்டால் ஒரு குடும்பம் சிதைவதற்கு அதுவே போதும். தந்தை பம்பாய் வகையினராயினும் பழி பெண் மீதே விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. குருதி வகையை மட்டும் வைத்து எவரது ஒழுக்கத்தையும் தீர்மானிக்க இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

இனி நோயின் பக்கம் வருவோம். 1992ஆம் ஆண்டில் இஸ்ரேலில் வாழும் அரபுக் குடும்பங்களைச் சேர்ந்த, ஒருவருக்கொருவர் உறவற்ற இரு சிறுவர்களைப் பற்றி எட்சியோனி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் அறிவித்தனர். இருவரின் பெற்றோரும் நெருங்கிய உறவினர். இரு சிறுவர்களும் வளர்ச்சி குன்றியவர்கள். அறிவு வளர்ச்சியும் பெரிதும் தாமதமானது. பிறந்த நாள் முதலாக நியூமோனியா, காதுத் தொற்று, தோலழற்சி என மாறி மாறி வந்தன. வெண்குழியங்களின் எண்ணிக்கை வழமையைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. ஆனால் தொற்று ஏற்பட்ட இடத்தில் சீழ் இல்லை! படை நிரம்ப இருந்தும் களத்துக்கு ஒரு வீரனும் வந்து சேரவில்லை. இருவரின் குருதியும் பம்பாய் வகையாக இருந்தது. இந்தக் கடைசிச் செய்தியே புதிரை அவிழ்க்கும் நுனியாயிற்று.

துறைமுகத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஓடும் படகு துறையில் நிற்கவேண்டுமாயின் முதலில் கயிறு வீசப்பட்டு, தூணில் பட்டு, வேகம் தணிந்து, மெல்லக் கரையை அணையவேண்டும். குருதியோட்டத்தில் விரையும் வெண்குழியமும் இவ்வாறே. தொற்று ஏற்பட்ட இடத்தில் குருதிக்கலன்களின் உட்சுவர் செலக்ரின் எனப்படும் புரதங்களை வெளிக்காட்டுகின்றது. அவையே தூண்கள். வெண்குழியத்தின் மேலுள்ள, பியூக்கோசு பொருந்திய வெல்லச் சங்கிலி கயிறு. அது தூணைப் பற்றியதும் குழியம் உருண்டு உருண்டு வேகம் தணிந்து, பின் உறுதியாக ஒட்டி, சுவரைத் துளைத்து வெளியேறுகின்றது. பியூக்கோசு இல்லையேல் கயிறு இல்லை. வெண்குழியம் தொற்றைக் கடந்து குருதியோடு போய்க்கொண்டேயிருக்கும். குருதியில் எண்ணிக்கை மிகுந்திருப்பதும் புண்ணில் சீழ் இல்லாதிருப்பதும் இதனாலேயே.

சாதாரண பம்பாய் வகையினரிடம் செங்குழியத்தில் பியூக்கோசை ஏற்றும் நொதியம் இல்லை. வெண்குழியத்தில் பியூக்கோசை ஏற்றும் நொதியங்கள் வேறு. அவை நலமாகவே உள்ளன. இச்சிறுவர்களிடம் பழுது அதற்கும் முந்திய கட்டத்தில் இருந்தது. பியூக்கோசு கலத்தின் பொதுவெளியில் தயாராகின்றது; பயன்படுவதோ கொல்கிச் சிக்கலினுள். அதனை உள்ளே கொண்டுசெல்லும் கடத்திப் புரதம் ஒன்றுண்டு. அந்தக் கடத்தியின் பரம்பரையலகு பழுதுபட்டிருப்பதை 2001இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. சரக்கு துறையில் குவிந்திருக்க, களஞ்சியத்தின் வாயில் அடைபட்ட நிலை. செங்குழியம், வெண்குழியம், மூளை என எங்குமே பியூக்கோசு போய்ச் சேர்வதில்லை. வெண்குழிய ஒட்டற் குறைபாட்டின் இரண்டாம் வகை என இந்நோய் பெயர் பெற்றது. உலகில் இதுவரை பதிவானோர் மிகச் சிலரே.

சிகிச்சை பற்றிய வரலாறு வியப்புக்குரியது. 1999இல் ஜேர்மனியில் மார்க்குவாட் என்பவரின் தலைமையிலான குழு, இந்நோயுற்ற துருக்கியக் குழந்தையொன்றுக்கு பியூக்கோசையே வாய்வழியாகக் கொடுத்தது. தொற்றுகள் குறைந்தன, வெண்குழிய எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது. ஆனால் அதே சிகிச்சை அரபுச் சிறுவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. துருக்கியக் குழந்தையின் கடத்தி பியூக்கோசைப் பற்றும் வலுவை இழந்திருந்தது. சரக்கை மிகுதியாகக் கொடுத்தபோது ஓரளவேனும் பற்றிக்கொண்டது. மற்றவர்களின் கடத்தியோ எவ்வளவு கொடுத்தாலும் குறைந்த அளவையே கடத்தியது. இதுவே ஆய்வாளர் தந்த விளக்கம். ஒரே நோய், ஒரே பரம்பரையலகு. பழுதின் இடம் வேறானதால் பலனும் வேறாயிற்று. ‘மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது’ என்ற செய்தித் தலைப்புகளை நாம், பத்திரிகைக்காரர் உட்பட, சற்று நிதானமாகப் படிக்கவேண்டியதன் காரணம் இதுதான். அறிவு வளர்ச்சியில் ஏற்பட்ட பின்னடைவை எந்தச் சிகிச்சையும் முற்றாக ஈடுசெய்ததில்லை. தொற்றுகளின் கடுமை வயது ஏற ஏறத் தணிவதும், பல்முரசு நோய் தொடர்ந்து வாட்டுவதும் பின்னர் அவதானிக்கப்பட்டன.

வெல்லமேற்றக் குறைபாட்டு நோய்களின் குடும்பத்தில் இது ஒரு சிறு கிளையே. மூத்த பிள்ளை வேறு. 1980இல் பெல்ஜியத்தில் யாக் யாக்கன் என்ற குழந்தை மருத்துவர் இரட்டைச் சகோதரிகள் இருவரிடம் கண்டறிந்து அறிவித்ததே இக்குடும்பத்தின் முதல் நோய். மனோசு என்ற வெல்லத்தின் பொசுபேற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும் நொதியம் குறைவதே காரணமென 1995இல் தெரியவந்தது. சங்கிலியின் ஆரம்பக் கட்டத்திலேயே பழுது என்பதால் பாதிப்பு உடல் முழுவதும் பரவுகின்றது. குழந்தை தளர்ந்த தசைகளுடன் பிறக்கின்றது, மாறுகண் உண்டு, முலைக்காம்பு உட்குழிந்திருக்கும், இடுப்பின் பின்புறத்தில் கொழுப்பு வழமைக்கு மாறாகத் திரண்டிருக்கும், சிறுமூளை சுருங்கியிருக்கும். ஈரல் பாதிப்பு, குருதியுறைதற் குறைபாடு, வலிப்பு ஆகியவையும் வரும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை முதல் சில ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றது. ஏனையோர் வளர்ந்து, பெரும்பாலும் சக்கர நாற்காலியின் துணையுடன், மலர்ந்த முகத்தோடு வாழ்கின்றனர் என அவர்களைப் பராமரிப்போர் எழுதுகின்றனர்.

இந்நோய்களைக் கண்டறிய உதவுவது குருதியில் இரும்பைச் சுமக்கும் திரான்சுபெரின் என்ற புரதம். அதன் வெல்லச் சங்கிலிகளின் நுனியில் சியலிக்கமிலம் குறைந்தால் அதன் மின்னேற்றம் மாறுகின்றது. அம்மாற்றத்தை மின்புலத்தில் காணலாம். ஆனால் இங்கொரு பொறி உண்டு. பியூக்கோசு மட்டுமே குறையும் நோயில் இச்சோதனை வழமையான விடையையே தரும். அங்கே துப்புத் தருவது செலவு மிகுந்த கருவி அன்று. இரத்த வங்கியின் மேசையிலுள்ள ‘எச்’ பரிசோதனையே. அடிக்கடி நோயுறும், வளர்ச்சி குன்றிய, வெண்குழியம் மிகுந்த ஒரு குழந்தை பம்பாய் வகையினதாக இருப்பின் அது தற்செயலன்று.

இக்குடும்பத்தில் ஓரிரு நோய்களுக்கு எளிய சிகிச்சை உண்டு என்பதும் சொல்லப்படவேண்டும். மனோசு தயாராகும் வேறொரு பாதையில் பழுதுற்று, ஓயாத வயிற்றோட்டமும் குருதிக்கசிவும் ஏற்படும் நோயொன்றுக்கு மனோசையே வாய்வழி கொடுத்துக் குணப்படுத்தலாம் என 1998இல் நிறுவப்பட்டது. மற்றொரு வகைக்குக் கலக்ற்றோசு பயன்படுகின்றது. ஆகவே, ‘கண்டுபிடித்துத்தான் என்ன பயன்’ என்று கைவிரிப்பதற்கு முன் எந்த வகையென அறிவது அவசியம்.

இவையெல்லாம் பெரும்பாலும் ஒடுங்கிய முறையில் கடத்தப்படுவன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பிரதிகளும் பழுதுபட்டிருந்தால் மட்டுமே நோய் தோன்றும். ஒரு பிரதியை மட்டும் கொண்ட காவியருக்கு எதுவும் தெரியாது. காவியர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதற்பிள்ளை நோயுற்றுவிட்டதால் அடுத்த மூவரும் தப்பிவிடுவர் என்பது தவறான கணக்கு.

நெருங்கிய உறவுத் திருமணம் எங்கே வருகின்றது? ஓர் அரிய பழுதை இருநூறு பேரில் ஒருவர் காவுகின்றார் எனக் கொள்வோம். அப்படிப்பட்ட ஒருவர் அந்நியரை மணந்தால், அவரும் காவியராக இருக்கும் வாய்ப்பு இருநூற்றில் ஒன்று. மாமன் மகளையோ மாமி மகனையோ மணந்தால் அது எட்டில் ஒன்று. நோய் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு உறவு மணத்தின் பங்கு கூடுகின்றது. அதேவேளை இதனை மிகைப்படுத்துவதும் நியாயமன்று. இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் நடைபெற்று 2013இல் வெளியான பெரிய ஆய்வு, பிறவிக் குறைபாடுகள் சாதாரணமாக நூற்றுக்கு மூன்றாக இருக்க, பெற்றோர் ஒன்றுவிட்ட சகோதரராக இருக்கையில் ஆறாக உயர்வதைக் காட்டியது. இரு மடங்குதான், ஆயினும் நூற்றில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகளுக்கு அத்தகைய குறைபாடில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் மணம் நிகழும்போது கணக்கு மாறும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் உறவுமுறை, மச்சான் மச்சாள் என்ற சொற்கள் முதற்கொண்டு தமிழரின் முறையோடு மிக ஒத்தது. பெற்றோரின் சகோதர சகோதரிகளின் பிள்ளைகளை மணப்பதற்கு இஸ்லாம் அனுமதியளிக்கின்றது, கட்டாயப்படுத்தவில்லை. தமிழரிடத்தும் அது முறைமாப்பிள்ளை என்ற உரிமையாகவும் சொத்தைக் காக்கும் வழியாகவும் நிலைபெற்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம். அதில் ஐந்தில் இரு பங்கினர் முஸ்லிம்கள், நூற்றுக்கு முப்பது பேரளவில் தமிழர். எனவே இதனை ஒரு சமூகத்தின் குறையாகச் சித்திரிப்பவர் உண்மை அறியாதவர்.

முஸ்லிம் நாடுகள் சில இவ்விடயத்தில் வழிகாட்டியுள்ளன. தலசீமியா நோய்க்காக ஈரான் 1997இலும் சவூதி அரேபியா 2004இலும் திருமணத்துக்கு முந்திய குருதிப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. மணத்தைத் தடுப்பது அதன் நோக்கமன்று. அறிந்து முடிவெடுக்கச் செய்வதே நோக்கம். நமது நாட்டில் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருச்சிதைவுக்குச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆகையால் கருவுற்ற பின் கிடைக்கும் அறிவைவிட மணத்துக்கு முன் கிடைக்கும் அறிவுக்கே இங்கு பயன் அதிகம். வெல்லமேற்றக் குறைபாடுகளுக்காக எல்லோரையும் சோதிப்பது நடைமுறைச் சாத்தியமன்று. பாதிக்கப்பட்ட பிள்ளை ஏற்கெனவே பிறந்துள்ள குடும்பங்களில் அது இயலும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனிதப் பிறப்புரிமையியல் பிரிவு மரபியல் ஆலோசனை வழங்குகின்றது. தலசீமியாவுக்கெனக் குருநாகலில் தனியான நிலையமும் உண்டு.

தூரம் ஒரு தடைதான். கொழும்பு இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வருவதே பாதை எனப்படும் மிதவையை நம்பியிருந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் 2006ஆம் ஆண்டின் மூதூர் இடப்பெயர்விலும் வீட்டோடு ஆவணங்களையும் இழந்த குடும்பங்கள் பல. எந்தப் பிள்ளை எந்த வயதில் என்ன காரணத்தால் இறந்தது என்பது இன்று மூத்த பெண்களின் நினைவில் மட்டுமே உள்ளது. ‘காய்ச்சல்’ எனவும் ‘தோஷம்’ எனவும் ‘கண்ணூறு’ எனவும் சொல்லப்பட்டவற்றை ஒரு தாளில் உறவுமுறையோடு குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றால், எந்தக் கருவியும் சொல்லாத பலவற்றை அத்தாள் அவருக்குச் சொல்லும்.

பிள்ளையின் கழுத்து உரிய காலத்தில் நிமிரவில்லை, நிறை ஏறவில்லை, மாறுகண் உள்ளது, காரணமின்றி ஈரல் வீங்கியுள்ளது, அல்லது சீழ் பிடிக்காத புண்களும் தொற்றுகளும் தொடர்கின்றன என்றால், குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி, குழந்தை மருத்துவ நிபுணரைச் சந்திப்பதைத் தள்ளிப்போடலாகாது. பெற்றோர் உறவினர் என்பதை மறைப்பதும் கூடாது, அக்கேள்வி குற்றச்சாட்டன்று.

‘ஓ’ என எழுதப்பட்டிருந்தும் இரத்த வங்கியில் பொருத்தம் கிடைக்கவில்லை எனக் கூறப்பட்டவர், ‘எச்’ பரிசோதனை செய்யப்பட்டதா எனக் கேட்டறிந்து, விடையை எழுத்தில் பெற்று, அடையாள அட்டையோடு வைத்திருக்கவேண்டும். கர்ப்பிணித் தாயாயின் அந்த விபரம் அவரது கர்ப்பகாலப் பதிவட்டையிலும் இருக்கவேண்டும். அதே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்பு ஒவ்வொருவரும் பம்பாய் வகையினராக இருக்கும் வாய்ப்பு பொதுவாக நான்கில் ஒன்று. நாடெங்கும் தேடியும் கிடைக்காத குருதி அதே வீட்டின் அடுத்த அறையில் இருக்கக்கூடும். ஆதலால் முதலிற் பரிசோதிக்கப்படவேண்டியவர்கள் அண்ணன் தம்பியரும் அக்கா தங்கையரும் ஆவர்.